ஊரடங்கில் குருவி பார்த்தவர்கள்: ஒரு சின்ன வரலாறு

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நமது தலைமுறைக்கு ஊரடங்கு புதிதல்ல. யுத்த காலத்து ஊரடங்கும் தெரியும், 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் வெடிச்சத்தம் கேட்ட அந்த வாரத்து ஊரடங்கும் தெரியும். ஆனால் இது வேறு மாதிரி. ஜும்ஆ இல்லை, பாடசாலை இல்லை, பஸார் இல்லை. கல்முனை பிரதான வீதியில் ஒரு ஹோர்ன் சத்தம்கூட இல்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சுபஹுக்குப் பிறகு வீட்டு முற்றத்தில் நின்றபோதுதான் நாங்கள் கவனித்தோம். சத்தம் நின்றுபோகவில்லை, வேறு சத்தம் வந்திருந்தது. தென்னையில் ஒன்று கத்துகிறது. முருங்கையில் ஏழெட்டு சேர்ந்து சண்டை பிடிக்கின்றன. அடுத்த வளவு மாமரத்தில் ஒன்று "குக்குறு குக்குறு" என்று விடாமல் கூப்பிடுகிறது. இத்தனை வருடமும் இவை இங்கேதான் இருந்திருக்கின்றன. வான், ஓட்டோ, டியூஷன் என்று ஓடிய எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

மகள் கேட்டாள், "இது என்ன குருவி வாப்பா?"

பத்தொன்பது வருடமாகப் படிப்பிக்கிற எங்களுக்குக் காகம், கொக்கு, கிளி, மைனா, குயில் என்று ஐந்து பெயருக்கு மேல் வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கைபேசியில் தேடினோம், ஆங்கிலப் பெயர் வந்தது. அதை மகள் உரக்க வாசிக்க, கதிரையில் தஸ்பீஹுடன் இருந்த மூத்தம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னா: "இதுக்கா போன் பாக்கிறீங்க? இது புலுனி. அங்க மாமரத்தில கத்துறது குக்குறுவான். வேலியில நிக்கிறது செண்பகம், அது கண்ணு சிவப்பா இருக்கும் பாருங்க."

பார்த்தோம். சிவப்பாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு சிஎஸ்ஆர் கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினோம். திகதி, நேரம், எந்த மரம், என்ன செய்தது, மூத்தம்மா சொன்ன பெயர். பைனாகுலர் இல்லை. கைபேசி கெமராவைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான். ஒருநாள் பக்கத்து வீட்டுக் காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன சேர், ரெண்டு நாளா எங்கட கூரையையே பாத்துக் கொண்டு நிக்கிறீங்க?" என்று கேட்டார். அவருடைய கூரைப் பீலிக்குள் மைனா கூடு கட்டியிருந்ததைக் காட்டினோம். மறுநாள் அவரும் எங்களுடன் சேர்ந்துவிட்டார். மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று பிள்ளைகள் தங்கள் முற்றத்துப் பட்டியலை அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன.

பிறகு தேடி வாசித்தபோதுதான் தெரிந்தது, அடைபட்டுக் கிடந்த நேரத்தில் குருவி பார்த்தவர்கள் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை என்று. அந்தக் கதைகளைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

இரண்டாம் உலக யுத்தம். 1940இல் நோர்வேயில் ஜெர்மன் படையிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் ஜோன் பக்ஸ்டன். யுத்தம் முடியும் வரை ஐந்து வருடம் கைதி முகாம்களில் இருந்தார். முள்ளுக்கம்பிக்குள் இருந்த அவருக்கு, அந்தக் கம்பிக்கு மேலால் வந்து போகும் ஒரு சின்னச் செவ்வால் குருவி கண்ணில் பட்டது. 1943இல் ஒரே ஒரு சோடியை மட்டும், சக கைதிகளின் உதவியுடன் முறைபோட்டு, சுமார் 850 மணித்தியாலம் பார்த்து எழுதினார். எப்போது கூடு கட்டியது, எத்தனை தடவை இரை கொண்டு வந்தது என்று எல்லாம் கணக்கு. அந்தக் குறிப்புகள் 1950இல் ஒரு புத்தகமாக வந்தன. அதே முகாமில் இருந்த பீற்றர் கொண்டர் பின்னாளில் பிரித்தானியாவின் மிகப் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இன்னொருவர் ஜோர்ஜ் வோட்டர்ஸ்டன். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஃபெயார் ஐல் என்ற தீவில் ஒரு பறவை ஆய்வு நிலையம் அமைக்க வேண்டும் என்று முகாமுக்குள் இருந்தே திட்டம் போட்டு, 1948இல் அதைச் செய்தும் காட்டினார்.

இதில் ஒரு விசயம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. கைதியாக இருந்த பக்ஸ்டனுக்கு எதிரி நாட்டிலிருந்தே உதவி கிடைத்தது. பெர்லின் நூதனசாலையின் பறவையியல் அறிஞர் எர்வின் ஸ்ட்ரேசமான்தான் உதவியவர். இரண்டு நாடும் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது.

அந்த ஸ்ட்ரேசமானிடம் அதற்கு முன்னரே படித்த ஒருவரை நமக்குத் தெரியும். பம்பாயைச் சேர்ந்த சாலிம் அலி.

சாலிம் அலி 1896 நவம்பர் 12இல் பிறந்தவர். தாய் தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்து, மாமா அமிருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். பத்து வயதளவில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டார். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறம். இது என்ன குருவி என்று கேட்டு மாமாவிடம் போக, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மிலார்ட் அந்தப் பிள்ளையைத் துரத்தவில்லை. அலுமாரிகளைத் திறந்து, பதப்படுத்திய பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு பிள்ளை கேள்வி கேட்டு வரும்போது பெரியவர் ஒருவர் நேரம் ஒதுக்கியதால் நடந்த காரியம் இது. ஆசிரியர்களான நாங்கள் இதை அடிக்கடி நினைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் அவருடைய வாழ்க்கையில் எங்களுக்குப் பிடித்த பகுதி வேறு. பெர்லினில் படித்துவிட்டு 1930இல் திரும்பி வந்தால், பம்பாய் நூதனசாலையில் அவர் பார்த்த வேலை இல்லை. காசு இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வேலையற்ற சாலிம் அலியும் மனைவி தஹ்மீனாவும் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். அங்கே பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத மனிதர் மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப் பார்த்ததில்தான் அதுவரை சரியாகத் தெரியாத ஒன்றை எழுதினார். கூட்டைப் பின்னுவது ஆண். பாதிக் கூடு முடிந்ததும் பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் தங்கும், ஆண் மிச்சத்தைக் கட்டி முடிக்கும். பிறகு அந்த ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கும், அதற்கு இன்னொரு பெண் வரும். பிடிக்காத கூடு பாதியிலேயே தொங்கிக் கிடக்கும். வேலையில்லாமல் இருந்த அந்தக் காலம்தான் தனக்குப் பெயர் வாங்கித் தந்தது என்பது போல அவருடைய வாழ்க்கை போனது. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய கைநூல் வந்தது. 1976இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். 1987இல் வபாத்தாகும் வரை குருவி பார்ப்பதை அவர் விடவில்லை.

இதை வாசித்த பிறகு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஊரடங்கு தளர்ந்த நேரங்களில் வாப்பாமாருடன் வட்டைப் பக்கம் போகும் பிள்ளைகள் தூக்கணாங்குருவிக் கூடுகளை எண்ண வேண்டும், முழுக்கூடு எத்தனை, பாதிக்கூடு எத்தனை என்று. கரைவாகு வயல் பக்கம் ஒரு தென்னையில் பதினேழு, அதில் ஆறு பாதி என்று ஒரு மகன் குரல்பதிவு அனுப்பினான். "சேர், அந்த ஆறும் பொம்புளைக்குப் புடிக்கல்ல" என்று சொல்லிச் சிரித்தான். சூம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கைப் பறவைகளை ஓவியமாக வரைவித்தவர்களில் முக்கியமானவர் ஒல்லாந்த ஆளுநர் யோஹான் கிடியோன் லோட்டன். 1752 முதல் 1757 வரை இங்கே இருந்தார். அவருக்காக வரைந்தவர் பீட்டர் டி பெவெரே என்ற, இந்த மண்ணிலேயே பிறந்த கலப்பு வம்சத்து ஓவியர். நமது தோட்டத்தில் நீண்டு வளைந்த சொண்டுடன் வரும் ஒரு தேன்சிட்டுக்கு இன்றும் லோட்டன் பெயர்தான். வரைந்த மனிதரின் பெயர் எந்தக் குருவிக்கும் போகவில்லை.

அடுத்து ஆங்கிலேயர் காலம். பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக் 1868 முதல் 1877 வரை இலங்கையில் வேலை பார்த்தார். 1878க்கும் 1880க்கும் இடையில் இலங்கைப் பறவைகளின் வரலாறு என்று மிகப் பெரிய நூலை எழுதி வெளியிட்டார். பிறகு 1955இல் ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் வந்தது. அவர் இலங்கையில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் வேலை செய்தவர். படங்களும் அவரே வரைந்தவை. 1943இல் இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கள பறவையியல் குழுவும் உருவாகின.

லெக்கும் ஹென்றியும் சிங்களப் பெயர்களுடன் தமிழ்ப் பெயர்களையும் எழுதி வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தத் தமிழ்ப் பெயர்கள் அவர்களுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? வண்டிலோட்டியிடமும், வேட்டைக்குக் கூடப் போனவரிடமும், வட்டைக் காவல்காரரிடமும் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். சொன்னவரின் பெயர் நூலில் இல்லை, சொன்ன சொல் மட்டும் இருக்கிறது. மூத்தம்மாவின் வாயிலும் அதே மாதிரிச் சொற்கள்தான் இருந்தன.

குருவி பார்ப்பது வெள்ளைக்காரனின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பஸராவின் அல்ஜாஹிழ் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே உயிரினங்கள் பற்றிப் பல பாகங்களில் நூல் எழுதினார். எகிப்தின் அத்தமீரீ பதினான்காம் நூற்றாண்டில் உயிரினங்களைப் பெயர் வரிசைப்படி தொகுத்தார். முகலாயர் ஜஹாங்கீரின் அரண்மனையில் உஸ்தாத் மன்சூர் சைபீரியக் கொக்கையும் இப்போது உலகில் இல்லாத டோடோவையும் வரைந்தார். சைபீரியக் கொக்குக்கு ஐரோப்பியர் விஞ்ஞானப் பெயர் வைத்தது அதற்குப் பிறகு, 1773இல்.

நமது கரையோரத்துக்கு இன்னும் நெருக்கமான சாட்சியும் உண்டு. வயலில் இரண்டு காலும் மஞ்சளாக நின்று, ஆளைக் கண்டால் கத்துகிற ஆள்காட்டியை நாம் ஆக்காண்டி என்போம். மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த நாட்டார் பாட்டு ஒன்று, அது எங்கே முட்டை இட்டது என்று கேட்கும். பாண்டிருப்பைச் சேர்ந்த கவிஞர் சண்முகம் சிவலிங்கம் அந்தப் பாட்டை எடுத்து "ஆக்காண்டி" என்று ஒரு கவிதையாக்கினார், ஒடுக்கப்பட்டவர்களின் கதையாக. நமக்கு இரண்டு கட்டை தூரத்தில் இருந்த மனிதர். ஆக்காண்டி வெறும் தரையில், வரம்போரம், கட்டி மண்ணுக்கிடையில் முட்டையிடும். கூடு என்று ஒன்று இல்லை. அதனால்தான் ஆள் வந்தால் அவ்வளவு கத்துகிறது. அந்தக் கத்தலைப் பாட்டாக்கிய சனம் குருவி பார்க்கத் தெரியாத சனமா?

இனிக் கொஞ்சம் கஷ்டமான பகுதி. இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிவிடும்.

2020 ஜூன் கடைசியில் ஊரடங்கு முழுதாக நீங்கியது. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுச் சந்தையில் தொற்று பரவி, அந்தப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. டிசம்பர் இறுதியில் கல்முனையின் ஒரு பகுதியும் மூடப்பட்டது. இந்த இரண்டாம் அடைப்பு முதலாவது போல இருக்கவில்லை. கொவிட்டில் மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்று மார்ச் கடைசியில் தொடங்கி, ஏப்ரல் 11இல் வர்த்தமானியாகவே வந்துவிட்டது. அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. நோயைவிட அந்தப் பயம்தான் வீடுகளுக்குள் இருந்தது. வயதானவர்கள் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். மூத்தம்மா ஒவ்வொரு இரவும், "என்ன எரிக்க உட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படுப்பா.

அந்த நாட்களில் கொப்பியை மூடி வைத்துவிட்டோம். ஜனாஸாக்கள் எரியும்போது குருவி என்ன குருவி என்று ஒரு சகோதரர் எங்களிடம் நேரடியாகவே கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

ஒருநாள் காலை மின்கம்பியில் அடிபட்டு ஒரு காகம் முற்றத்தில் விழுந்து செத்தது. ஐந்து நிமிடத்தில் முப்பது, நாற்பது காகங்கள். மதில், தென்னை, கம்பி எங்கும் நின்று கத்தின. பிறகு ஒரேயடியாக அமைதியாகி, ஒவ்வொன்றாகப் போய்விட்டன. காகங்கள் செத்த காகத்தைச் சுற்றி இப்படிக் கூடுவதை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே என்ன ஆபத்து என்று அறிந்துகொள்ளத்தான் அவை கூடுகின்றன என்பது அவர்கள் சொல்லும் ஒரு விளக்கம். நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். மகன் மண்வெட்டி எடுத்து வேலியோரம் குழி வெட்டினான்.

மூத்தம்மா மெதுவாகச் சொன்னா: "ஆதத்துட மகனுக்கு அடக்கம் செய்யக் காட்டிக் குடுத்ததே காகந்தானே."

சூரா மாயிதாவில் வரும் அந்தச் சம்பவம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவனுக்கு, மண்ணைத் தோண்டிக் காட்ட அல்லாஹ் அனுப்பியது ஒரு காகம். சிறுவயதிலிருந்து ஓதி வருகிறோம். ஆனால் அன்று அந்த முற்றத்தில், அடக்கம் செய்யும் உரிமைக்காகக் காத்திருந்த காலத்தில், அதைக் கேட்டபோது எங்கள் வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த நாள் கொப்பியை மீண்டும் திறந்தோம். அந்தச் சகோதரருக்கும் இதைத்தான் சொன்னோம். துக்கத்தை மறக்க நாங்கள் பார்க்கவில்லை. துக்கத்தோடு இருந்துகொண்டும் பார்க்கலாம்.

2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. எரிந்தவர்கள் எரிந்தவர்கள்தான். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்ளட்டும்.

எங்களைப் போல உலகம் முழுதும் பலர் அந்த நாட்களில் குருவி பார்த்திருக்கிறார்கள். 2020 மே 9இல் நடந்த உலகப் பறவைக் கணக்கெடுப்பு நாளில் 50,000க்கும் மேற்பட்டோர் பங்கெடுத்தார்கள், பெரும்பாலானோர் தங்கள் வீட்டு முற்றத்திலிருந்தே. சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று அதே வருடம் வெளியானது. வாகனச் சத்தம் 1950களின் அளவுக்குக் குறைந்ததும், அங்குள்ள ஒரு வகைச் சிட்டுகள் முன்னைவிட மெதுவாகப் பாடின. மெதுவாகப் பாடியும் அந்தப் பாட்டு இரண்டு மடங்கு தூரம் கேட்டது. ஊரடங்கில் குருவிகள் சத்தமாகப் பாடியதாக நாங்கள் நினைத்தோம். உண்மையில் சத்தம் குறைத்தது நாங்கள்தான்.

2021 ஏப்ரலில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்பறவைகள் சிலவற்றுக்குச் சின்னக் கருவி பொருத்தி விட்டார்கள். நாம் பயணத்தடையில் கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போக முடியாமல் இருந்த அந்த மாதங்களில், அவை இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் தாண்டி ரஷ்யாவின் வடதுருவக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. மாரி தொடங்கும்போது நம் வாவிகளுக்கு வரும் விருந்தாளிகள் பலர் அந்த வழியால் வருபவர்கள்தான்.

அந்த விருந்தாளிகள் வந்து இறங்க இடம் வேண்டும். நமது மாவட்டத்தில் 1938இலேயே சரணாலயமான குமண இருக்கிறது. யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடியிருந்தும் பறவைகள் அதை விடவில்லை. சேனநாயக்க சமுத்திரம் இருக்கிறது. ஆனால் எல்லாப் பறவையும் குமணைக்குப் போகாது. கிட்டங்கித் தாம்போதிக்கு இரு பக்கமும் நிற்கும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும், நிந்தவூர் வெட்டாற்றங்கரைக் கொக்குகளும், தோணாவில் நிற்கும் மீன்கொத்தியும் நம்மை நம்பி வந்தவை.

ஊரடங்கு முடிந்ததும் முதலில் திரும்பி வந்த சத்தம் எது தெரியுமா? மண் ஏற்றி வந்த டிப்பர். பள்ளக்காணி நிரம்புகிறது. தோணாவில் பொலித்தீனும் கோழிக்கழிவும் மறுபடி விழுகின்றன. மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் மாநகர சபையைத் திட்டுகிறோம். வெள்ளம் போய் நிற்க வேண்டிய இடமும் கொக்கு நிற்கும் இடமும் ஒரே இடம்தான். கொக்கு எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு வெள்ளம் எங்கே நிற்கும் என்றும் தெரியும். நமது மூத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் வீடு கட்டினார்கள்.

மூத்தம்மா 2022இல் மௌத்தானா. கொவிட்டால் அல்ல, வயதால். அவ ஆசைப்பட்ட மாதிரி, ஊர் மையவாடியில் அடக்கம் செய்தோம். அல்ஹம்துலில்லாஹ். அவ சொன்ன 43 பெயர்கள் கொப்பியில் இருக்கின்றன. சொல்லாமல் போன பெயர்கள் எத்தனை என்று எங்களுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் ஒரு மூத்தம்மாவோ மூத்தாப்பாவோ இருப்பார். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பிள்ளையையும் அவரையும் முற்றத்தில் இருத்துங்கள். கையில் ஒரு கொப்பி கொடுங்கள். கைபேசி வேண்டாம். வருகிற குருவிக்கெல்லாம் பெயர் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள், நமது கரையோரத்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சேர்த்து, பாடசாலை நூலகங்களில் வைக்க நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

இதை எழுதி முடிக்கும்போது மாமரத்தில் குக்குறுவான் தொடங்கிவிட்டது. வெளியில் வாகனச் சத்தம். இருந்தாலும் கேட்கிறது.

வஸ்ஸலாம்.